உப்புக்காற்றில் மூன்று வருடம்: அக்கா மகளுக்கு வாங்கிய ஏர் ரைஃபிள்

எங்கள் தாத்தாவிடம் லைசென்ஸ் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. முயலும் கவுதாரியும் அடித்த கதைகளை அவர் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1991-ல் அதைத் திருத்தி வேட்டையையே நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கி தேர்தலுக்குத் தேர்தல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்வந்ததோடு சரி.

என்.சி.சி. முகாமில் பாயின்ட் 22 ரைஃபிளைச் சுட்டுவிட்டு வந்த அக்கா மகள், "மாமா, எனக்கு ஒரு ரைஃபிள் வேணும்" என்று கேட்டபோது எனக்குத் தாத்தா நினைவுதான் வந்தது. அவளுக்கு அப்போது 14 வயது. கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவனின் படத்தைப் புத்தக அட்டையில் ஒட்டி வைத்திருந்தாள். வேண்டியது 10 மீட்டர் போட்டிக்கான ஏர் ரைஃபிள். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ளதற்கு லைசென்ஸ் தேவையில்லை. மதுரைக் கடையில் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். விலை 14,500 ரூபாய்.

கடையில் முதலில் எடுத்துக் காட்டியதெல்லாம் வேகம் கூடிய மாடல்கள். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் நொடிக்கு இத்தனை அடி என்ற கணக்கு. இந்தப் போட்டிக்கு அது உதவாது. 10 மீட்டர் குறி அட்டையில் பத்து மதிப்பெண் தரும் நடு வட்டம் வெறும் 0.5 மி.மீ. புள்ளி. அரை கிராம் சொச்சம் எடையுள்ள குண்டு காகிதத்தைத் துளைக்க அவ்வளவு வேகம் எதற்கு? இந்த வகை ரைஃபிளில் ஸ்பிரிங் ஒரு பிஸ்டனைத் தள்ள, அது அழுத்தும் காற்றுதான் குண்டை அனுப்புகிறது. ஸ்பிரிங் வலுக்க வலுக்க, குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி முன்னும் பின்னும் உதைக்கிறது. குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றவும் கை வலு வேண்டும். வலுவான மாடலை அவள் இரண்டு முறை மடக்கினாள், மூன்றாவது முறை தோள் நடுங்கியது. ஒரு பயிற்சிக்கு நாற்பது முறை மடக்க வேண்டுமே. அதை வைத்துவிட்டு நடுத்தர வலுவுள்ளதை எடுத்தோம்.

தோளில் தாங்கும் கட்டையின் நீளத்தையும் பாருங்கள். கட்டையின் பின்புறத்தை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் விசைக்கு இயல்பாக எட்ட வேண்டும். கழுத்தை நீட்டிக் குறி பார்ப்பவர்களுக்குக் குண்டு ஒரே இடத்தில் விழாது.

அந்தக் கடையின் பின்கட்டில் சுட்டுப் பார்க்க இடம் இருந்தது. ஒரே மாடலில் இரண்டு ரைஃபிள்களை மணல் பையில் தாங்கி, ஒரே ஆள், ஒரே டப்பா பெல்லட்டில் (ஏர் ரைஃபிளின் ஈயக் குண்டு) ஐந்தைந்து குண்டு சுட்டார். ஒன்றின் ஓட்டைகள் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கின. மற்றொன்று அரை உள்ளங்கைக்குப் பரவியது. ஃபேக்டரியில் ஒரே அச்சில் வந்தாலும் குழலுக்குக் குழல் குணம் மாறுகிறது. மாடல் பெயரை நான் இங்கே எழுதாததற்கு இதுதான் காரணம். வாங்கப்போகும் அந்தத் துப்பாக்கியையே சுட்டுப் பாருங்கள். பெல்லட்டும் அப்படித்தான். தட்டைத்தலை பெல்லட்டில் நான்கு வகை வாங்கிப் பார்த்து, எங்கள் குழலுக்குப் பொருந்திய ஒன்றிலேயே நின்றுவிட்டோம்.

முதல் 500 குண்டு வரை குழலில் புகை வாசனை வந்தது, குண்டுகள் அங்கங்கே சிதறின. உள்ளே இருந்த ஃபேக்டரி எண்ணெய் எரிந்து தீர்ந்ததும் நிலைப்பட்டது. அப்புறம் மூன்றாம் மாதம் மறுபடி சிதற ஆரம்பித்தது. இறுக்கிப் பிடிக்கிறாய், மூச்சைச் சரியாக விடவில்லை என்று ஒரு மாதம் முழுக்க அவளைத்தான் குறை சொன்னேன். கடைசியில் பார்த்தால் கட்டையைப் பிடித்திருக்கும் திருகு அரைச் சுற்று தளர்ந்திருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஸ்பிரிங் துப்பாக்கி ஒவ்வொரு உதைக்கும் திருகைத் தளர்த்தும். இப்போது 200 குண்டுக்கு ஒரு தடவை திருகுகளைப் பார்க்கிறோம். ஆளைச் சந்தேகப்படுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டத் தேவிபட்டினத்தில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். ஜன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் பொரிந்து உதிர்கிற ஊர். துப்பாக்கியோடு வந்த பஞ்சு வைத்த பெட்டியில்தான் முதலில் வைத்தோம். ஐப்பசி மழையில் பத்து நாள் திறக்காமல் விட்டுத் திறந்தால், அவள் கைரேகை அப்படியே செம்மண் நிறத்தில் குழல்மேல் படிந்திருந்தது. பஞ்சு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்கிறது, விரல் வியர்வையிலும் உப்பு. மிக மெல்லிய இரும்பு நாரில் எண்ணெய் தொட்டுத் துடைத்ததில் துரு போனது, கறுப்புச் சாயமும் கொஞ்சம் போனது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அதிலிருந்து பழைய வேட்டித் துணியில் சுற்றி, மர அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறோம். சுட்டு முடித்ததும் வெளிப்புறத்தை எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. தாத்தா பழக்கத்தில் அக்கா தேங்காய் எண்ணெயை எடுத்து வந்தார், தடுத்துவிட்டேன். அது நாளானால் கெட்டுப்போகும், சாதா எண்ணெய் காற்று அறைக்குள் இறங்கினால் எரிந்து, காற்று கசியாமல் அடைக்கும் வாஷரைக் கெடுக்கும். குண்டு இல்லாமல் விசையை அழுத்துவதும் கூடாது. முன்னே காற்றுத் தடை இல்லாமல் பிஸ்டன் நேரே போய் இரும்பில் மோதும். இரண்டு வருடத்தில், சுமார் 9,000 குண்டுக்குப் பிறகு, வாஷரை ஒரு முறை மாற்றினோம்.

பின்பக்கக் கொட்டகையில் மணல் பெட்டி வைத்துத்தான் சுடுகிறாள். வெளியே வேண்டாம், ஆடியில் கச்சான் காற்று அடித்தால் 10 மீட்டரிலும் குண்டைத் தள்ளும். பெல்லட் ஈயம் என்பதால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிட உட்கார விடுவதில்லை. தெருப் பையன்கள் கொக்கு அடிக்கக் கேட்டார்கள். சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் சரணாலயங்களுக்கு வலசைப் பறவைகள் வந்து இறங்குகிற மாவட்டம் இது. அலமாரிச் சாவி என் இடுப்பில்தான்.

இப்போது அவள் 40 குண்டில் 400-க்கு 340-ஐத் தாண்டுகிறாள். இதற்கு மேல் போக உதையே இல்லாத, அடைத்த காற்றில் இயங்கும் ரைஃபிள் வேண்டும், வெளிநாட்டு மாடல்கள் லட்சங்களில் இருக்கின்றன. கல்லூரியில் சேர்ந்ததும் மதுரையில் கிளப் துப்பாக்கியில் பழகட்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். இந்த ரைஃபிள் அவள் தம்பிக்கு. அவனுக்கு இன்னும் விசை எட்டவில்லை. கட்டையின் பின் ரப்பரைக் கழற்றினால் ஓர் அங்குலம் குறையும், இந்த ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்க்க வேண்டும்.