வடசேரி அட்டிகையோடு எட்டு ஆண்டுகள்

2017 ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவிலுக்குப் போனபோது, வடசேரியில் ஓர் ஆசாரியின் பட்டறையில் கெம்பு அட்டிகை ஒன்றும் அதற்கு ஜோடியாக ஜிமிக்கியும் வாங்கினேன். அட்டிகை 62 கிராம். ஜிமிக்கி இரண்டும் சேர்ந்து 34 கிராம். மொத்தம் 11,500 ரூபாய். மதுரைக்குத் திரும்பி மேஜையில் பிரித்து வைத்ததும் மாமியார் கேட்டார்: "இந்தக் காசுக்கு அரைப் பவுன் எடுத்திருக்கலாமே?" பதில் சொல்லத் தெரியாமல் சிரித்துவைத்தேன். இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. ஆனால் எட்டு ஆண்டுகள் அணிந்து, கழற்றி, உடைத்து, ஒட்டவைத்த அனுபவம் இருக்கிறது.

பார்ப்பவர்கள் இதைத் தங்கம் என்றே நினைக்கிறார்கள். தங்கம் இருக்கத்தான் செய்கிறது, ரேக்கு என்ற மெல்லிய தகடாக. உள்ளே இருப்பது வெள்ளித் தகட்டில் கட்டிய கூடு. கூட்டின் வயிற்றில் அரக்கு, அரக்கில் பதித்த கல், கல்லின் விளிம்பைச் சுற்றி அழுத்திச் செருகிய தங்க ரேக்கு. சாமிக்குச் சாத்தவும் பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் அணியவும் தலைமுறைகளாக வடசேரியில் செய்துவரும் வேலை இது. நாகர்கோவில் கோயில் நகை என்ற பெயரில் புவிசார் குறியீடும் உண்டு. கெம்பு என்றால் கன்னடத்தில் சிவப்பு. கெம்புக் கல் பட்டை தீட்டாமல் மாதுளை முத்து போல் வழவழவென்று இருக்கும். என் அட்டிகையில் இருப்பது மாணிக்கம் இல்லை, செயற்கைக் கல். அதை ஆசாரி மறைக்காமல் சொல்லித்தான் விற்றார்.

விற்ற விதமும் நினைவில் நிற்கிறது. நான் முன்பக்கத்தையே வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "மினுக்குகிற பக்கத்தை யாரும் மினுக்கிவிடலாம். முதுகைப் பாரு மக்களே." ஒவ்வொரு பூவும் தனித்தனிக் கூடாக இருந்தது. பற்றவைத்த இடங்கள் ஒரே அளவில் இல்லை. இடமிருந்து நான்காவது பூவின் வளையம் மட்டும் கொஞ்சம் சாய்ந்து நின்றது. குறை என்று நினைத்து விரலால் காட்டினேன். "அது மகன் போட்டது" என்றார். அந்தச் சாய்ந்த வளையம் இதுவரை ஒருமுறைகூடப் பிரச்சினை செய்ததில்லை.

அணிகிற அனுபவம் வேறு கதை. முதல் தீபாவளிக்குக் கனமான ஜரிகை வைத்த காஞ்சிப் பட்டோடு போட்டேன். புகைப்படத்தில் நகையும் தெரியவில்லை, புடவையும் தெரியவில்லை. இப்போது சுங்குடியோடும், கரை மட்டும் உள்ள கைத்தறிச் சேலைகளோடும்தான் போடுகிறேன், கழுத்தில் வேறு எதுவும் இல்லாமல். மகளின் நாட்டிய வகுப்புத் தோழிகளின் அம்மாக்கள், முழு செட்டையும் இப்படியே வாங்கலாமா என்று கேட்பதுண்டு. வளர்கிற பிள்ளைக்கு வாடகை செட் போதும் என்பது என் கருத்து. நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும் இரண்டே ஆண்டில் சிறியதாகிவிடும்.

அட்டிகை கழுத்தில் கிடப்பதே தெரியாது. காதுதான் பாவம். ஒரு காதுக்கு 17 கிராம் என்பது கேட்பதற்குச் சின்ன எண். முகூர்த்தம் முடிந்து பந்திக்குப் போவதற்குள் அதன் பெரிய உருவம் தெரிந்துவிடும். முதல் ஆண்டிலேயே இடது காதுத் துளை கோடாக நீண்டது. பிறகுதான் மாட்டல் வாங்கினேன். தலைமுடியில் மாட்டினால் பாதிப் பாரத்தை அது வாங்கிக்கொள்கிறது. ஜிமிக்கியோடு மாட்டலையும் சேர்த்துக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அது அழகுக்கு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மூன்றாம் ஆண்டு ஒரு சீமந்தப் பந்தியில் முதல் கல் விழுந்தது. குனிந்து ரசத்துக்கு வழிவிட்ட நேரத்தில் இலையில் டக்கென்று ஏதோ விழுந்த சத்தம். விழுந்த இடம் பீட்ரூட் பொரியல். சிவப்புக்குள் சிவப்பைத் தேடினேன். பரிமாறுகிறவர், பொரியலில் ஏதோ கிடக்கிறது என்று பதறி இலையை மாற்றப் பார்த்தார். ஒவ்வொரு துண்டாக நசுக்கிப் பார்த்துக் கல்லைக் கண்டுபிடித்து, கழுவிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு செய்தது முட்டாள்தனம். நாகர்கோவில் வரை போக அலுப்பு. வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு நகைக்கடையில் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் உடனடிப் பசை வைத்து ஒட்டித் தந்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் அந்தக் கல்லின் மேல் வெள்ளைப் புகை படிந்தது போல் மங்கல் விழுந்தது. பக்கத்துக் கற்கள் இரண்டிலும் அதே மங்கல். கடைசியில் வடசேரிக்கே கொண்டுபோனேன். ஆசாரி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பசையைச் சுரண்டி எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. பிறகு சிறு தீயில் அரக்குத் துணுக்கை இளக்கிக் குழியில் விட்டு, கல்லை வைத்துப் பெருவிரலால் ஒரு அழுத்து. சிமிட்டா என்ற சிறு இடுக்கியில் ரேக்கைக் கிள்ளி எடுத்து, மழுங்கிய ஊசி போன்ற ஒன்றால் விளிம்பைச் சுற்றி இடித்து இடித்து நிரப்பினார். அப்போது அவர் மூச்சைக்கூடப் பக்கவாட்டில்தான் விட்டார், ரேக்கு பறந்துவிடும் என்று. கூலி 150 ரூபாய். மதுரையில் ஒட்டியதற்கு நான் கொடுத்தது 200.

அரக்கு சூட்டுக்கு இளகும் என்பதை அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனாலும் ஒரு மே மாதம் ஜிமிக்கியைக் கழற்றிக் காரின் முன்பலகையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஒரு குடையின் இரண்டு கற்கள் சரிந்து ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. இன்னொரு தடவை, பெட்டி திறந்துகொள்ளாமல் இருக்கட்டும் என்று நகையைத் துணியில் சுருட்டி ரப்பர் வளையம் போட்டேன். துணி விலகி ரப்பர் பட்ட இடத்தில் பின்பக்க வெள்ளியில் கறுப்புக் கோடு விழுந்தது. ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளிக்கு ஆகாது. இப்போது பழைய மல்துணியில் சுற்றி, காற்றுப் புகாத பையில், ஒரு சாக்பீஸ் துண்டோடு வைக்கிறேன். சென்ட் அடித்துக் காய்ந்த பிறகே அணிகிறேன். புளி, பற்பசை, பாத்திரம் துலக்கும் பொடி எதுவும் அருகில் வரக்கூடாது, ரேக்கு போய்விடும். பின்கயிற்றை மட்டும் வியர்வை நாற்றத்துக்காக மூன்று முறை மாற்றியாயிற்று.

இடையில் ஒரு சபலம். கையால் செய்த கோயில் நகை என்று படம் போட்டு இணையத்தில் விற்ற ஒருவரிடம் 2,800 ரூபாய்க்கு ஒரு பதக்கம் வாங்கினேன். கையில் வந்ததும் முதலில் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரே தகடு, ஒரே அச்சு, எட்டு மயில்களுக்கும் மூக்கில் ஒரே மாதிரி பிசிறு. கற்களின் ஓரத்தில் பசை எட்டிப் பார்த்தது. திருப்பி அனுப்பக் கேட்டால், சலுகை விலைப் பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று பதில். நான்கு மாதத்தில் கழுத்தில் பச்சைக் கறை. அச்சு நகை தவறில்லை, மேடைக்கு நானே வாங்குவேன். அச்சு விலைக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது யார் படம் அனுப்பினாலும் நான் கேட்பது பின்பக்கப் படத்தை. பாதிப் பேர் அதோடு பதில் போடுவதில்லை.

மாமியார் கணக்குக்கு வருகிறேன். அந்த அரைப் பவுன் இன்று மூன்று மடங்குக்கும் மேல் விலை போகும். என் அட்டிகையை விற்கப் போனால், அரக்கு எடை போக வெள்ளிக்கு மட்டும்தான் பேசுவார்கள். அந்த எடை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. ஆகவே சேமிப்பு என்ற எண்ணத்தோடு இதை வாங்குகிறவர்கள் வாங்காமல் இருப்பது நல்லது. கணக்கில் வென்றது அவர்தான். ஆனால் போன தையில் தன் தங்கை பேத்தி கல்யாணத்துக்கு அட்டிகையை இரவல் கேட்டவரும் அவர்தான். மல்துணியோடு கொடுத்தேன், சென்ட் பற்றிப் பாடம் எடுத்து.

திரும்பி வந்ததும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். கல் தளர்ந்திருந்தால் மெல்லிய டிக் சத்தம் கேட்கும். வலமிருந்து இரண்டாவது பூவில் கேட்டது. சித்திரையில் வடசேரி போகிறேன். பெரியவருக்குக் கண் மங்கிவிட்டதாம், பட்டறையில் இப்போது மகன்தான் உட்கார்கிறார்.