மடிப்புச் சைக்கிளில் எதைப் பூட்டுவது, எதை விடுவது: யாழ்ப்பாண வீதிகளில் ஓடிய பிறகு

மடிப்புச் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் நிறத்தையும் கியரையும் பிறகு யோசிக்கலாம். முதலில் சில்லின் அளவைப் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் பின்னால் மாற்றலாம், சில்லை மாற்ற முடியாது. ரயரின் பக்கத்தில் 47-406 என்பது போல இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முன்னது ரயரின் அகலம், பின்னது ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். கடையில் சொல்லும் "20 அங்குலம்" என்ற பேச்சை நம்பி வாங்கக்கூடாது. அந்தப் பெயரில் 406உம் இருக்கிறது, 451உம் இருக்கிறது. "16 அங்குலம்" என்றால் 305ஆகவும் இருக்கலாம், 349ஆகவும் இருக்கலாம். பிரொம்ப்டன் என்ற ஆங்கிலேய மடிப்புச் சைக்கிளுக்கு 349. சின்னப் பிள்ளைகளின் 16 அங்குலச் சைக்கிள் ரயர் 305 என்பதால் அது பிரொம்ப்டன் ரிம்மில் ஏறாது.

யாழ்ப்பாணத்துக்கு 406 என்பதுதான் எங்கள் தீர்ப்பு. பிள்ளைகளின் 20 அங்குலச் சைக்கிளுக்கும் பிஎம்எக்ஸுக்கும் அதே ரிம்தான். கஸ்தூரியார் வீதியிலோ சுன்னாகத்திலோ சாவகச்சேரியிலோ சைக்கிள் கடைக்குள் போய் 20×1.75 ரியூப் கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஒரு எச்சரிக்கை: 20×1¾ என்று பின்னத்தில் எழுதியிருந்தால் அது வேறு ரிம்முக்குரிய ரயர். புள்ளி போட்டு எழுதியதைத்தான் வாங்கவேண்டும்.

349க்கு ரயரோ ரியூப்போ இங்கே தேடி அலையவேண்டிவரும். ஆனால் பிரொம்ப்டன் மடித்தால் 645×585×270 மில்லிமீற்றருக்குள் அடங்கிவிடும். 20 அங்குல வண்டி எதுவும் அந்த அளவுக்குச் சுருங்காது. நாள்தோறும் மினிபஸ்ஸில் காலுக்கடியில் வைத்துக்கொண்டு போகிறவர் 349ஐ எடுக்கலாம். வீட்டில் எப்போதும் இரண்டு ரியூப்பும் ஒரு ரயரும் இருக்கவேண்டும்.

வால்வும் இதோடு சேர்ந்த விஷயம். மோட்டார்சைக்கிளில் இருக்கும் தடித்த வால்வு, அதாவது ஷ்ரேடர் உள்ள ரியூப்பாகப் போடுங்கள். பெற்றோல் செற்றிலும் மோட்டார்சைக்கிள் கராச்சிலும் காற்றடிக்கலாம். மெல்லிய பிரெஸ்ரா வால்வுக்கு ரிம்மில் 6.5 மில்லிமீற்றர் துளைதான் இருக்கும், ஷ்ரேடருக்கு 8.5 வேண்டும். துளையைப் பெருப்பித்தபின் அதன் விளிம்பை அரத்தால் மழுக்காமல் விட்டால் வால்வின் அடி அறுந்து காற்றுப் போகும். அந்த இடத்தில் ஒட்டுப் போடவும் வழியில்லை.

காசு செலவழிக்க வேண்டிய முதல் இடம் ரயர். இங்கே ரியூப்பைக் கொல்வது நெருஞ்சி முள்ளும், வேலி அடைத்த கையோடு ஒழுங்கையில் விட்டுப்போன கம்பித் துண்டும். வண்டியோடு வரும் மெல்லிய ரயரை நெருஞ்சி ஊசிபோலத் துளைத்துவிடும். ஷ்வால்பே கம்பனியின் மரதன் ரயருக்குள் 3 மில்லிமீற்றர் காப்புப் படை இருக்கிறது, மரதன் பிளஸ்ஸில் 5 மில்லிமீற்றர். பின்சில்லுக்கு பிளஸ், முன்சில்லுக்குச் சாதாரண மரதன் என்று போட்டால் பாரமும் காசும் ஓரளவு கட்டுப்படும். பிளஸ்ஸின் ஓரம் விறைப்பானது. சின்ன ரிம்மிலிருந்து அதைக் கழற்ற மூன்று லீவர் வேண்டும், இரும்பு லீவரால் நெம்பினால் அலுமினிய ரிம்மின் விளிம்பு நெளியும்.

அகலம் 47இலிருந்து 50 வரை நல்லது. 28 மில்லிமீற்றர் ஒல்லி ரயர் தார் வீதியில் பறக்கும், கோயில் வீதி மணலில் அப்படியே புதையும். காற்று அளவு: 65, 70 கிலோ ஆளுக்கு 47-406 ரயரில் பின்னுக்கு 55 முதல் 60 பிஎஸ்ஐ, முன்னுக்கு 45. மணல் பாதை என்றால் முன்னுக்கு 35 போதும். சின்ன ரியூப்பில் காற்று கொஞ்சம் என்பதால் சீக்கிரம் இறங்கும், ஆகவே வாரம் ஒருமுறை அடிக்கவேண்டும். கராச்சுக் குழாயால் அடிக்கும்போது ஒவ்வொரு நொடியாக விட்டுவிட்டு அடியுங்கள். பெரிய ரயருக்கு அடிக்கிற கைப்பழக்கத்தில் அழுத்திப் பிடித்தால் ரியூப் வெடித்துவிடும்.

ரியூப்புக்குள் ஊற்றும் பால்போன்ற அடைப்பு மருந்தை விட்டுவிடலாம். சின்ன ஓட்டையை அடைக்கும், உண்மைதான். ஆனால் பெரிய ஓட்டை வந்த அன்று ரியூப் முழுக்கப் பிசுபிசுத்துப் போயிருக்கும், ஒட்டுத் துண்டு பிடிக்காது.

கியர் விஷயத்தில் பலர் வீணாகச் செலவழிக்கிறார்கள். குடாநாட்டில் ஏற்றம் கிடையாது, இருப்பது காற்று. ஆனி, ஆடியில் சோழகம் வீசும்போது பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் உழக்கிப் பாருங்கள். ஒதுங்க ஒரு மரம் இல்லாத அந்த நெடுவழியில் காற்று மலையேற்றம்போல நெஞ்சில் நிற்கும். மாரியில் வாடைக்காற்று திரும்பிவரும்போது முகத்தில் அடிக்கும். பொன்னாலைப் பாலத்தால் காரைநகர் போகிறவர்களுக்கும் இதே கதைதான். இதற்கு மூன்று கியர் காணும்.

கணக்கு இப்படி: 47-406 ரயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.52 மீற்றர் ஓடும். முன்னுக்கு 46 பல்லு, பின்னுக்கு 16 பல்லு, சில்லின் கும்பாவுக்குள்ளே இருக்கும் ஷிமானோ நெக்ஸஸ் மூன்று கியர் என்று வையுங்கள். பெடல் ஒரு சுற்றுக்கு முதல் கியரில் 3.2 மீற்றர், இரண்டாவதில் 4.4, மூன்றாவதில் 6 மீற்றர் கிட்டத்தட்ட. நிமிடத்துக்கு 70 சுற்று உழக்கினால் மணிக்கு 13, 18, 25 கிலோமீற்றர். எதிர்க்காற்று, சாதாரண வீதி, முதுகுக் காற்று மூன்றுக்கும் பொருந்தும் எண்கள். 52 பல்லும் 11 பல்லும் உள்ள வண்டியின் உச்சக் கியரில் அதே வேகத்தில் உழக்கினால் மணிக்கு 30. பலாலி வீதி நெரிசலில் அதைப் போட இடமேது?

வெளியே தொங்கி, செயினைப் பல்லு மாற்றித் தள்ளும் டிரெய்லியர் கியரை இங்கே நாங்கள் விரும்பாததற்குக் காரணம் அது நிற்கும் உயரம். சின்னச் சில்லில் அதன் கை நிலத்திலிருந்து ஒரு சாண்கூட இருக்காது. மணலும் புல்லும் அதற்குள் போகும். மடித்து பஸ்ஸில் ஏற்றும்போது முதலில் அடிபட்டு வளைவதும் அதுதான். உள்கியருக்குப் பராமரிப்பு மிகக் குறைவு. ஆனால் கேபிள் இழுத்துத் தளர்ந்தால் இரண்டாம் கியரில் வழுக்கும். இரண்டாம் கியரில் வைத்து, பின் அச்சில் இருக்கும் சின்னப் பெட்டியின் சாளரத்தில் தெரியும் குறி கோடுகளுக்கு நடுவே வரும்வரை கேபிளைத் திருகவேண்டும். பின்சில்லைக் கழற்றினால் அச்சுக்குள் இருக்கும் மெல்லிய தள்ளுகம்பியைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அது தொலைந்தால் மாற்றுக் கம்பி வரும்வரை கியர் மாறாது. சும்மா பஞ்சருக்குச் சில்லைக் கழற்றவே தேவையில்லை. செயின் இல்லாத பக்கத்தால் ரயரின் ஓரத்தைத் தூக்கி ரியூப்பை வெளியே இழுத்து ஒட்டுப் போடலாம்.

முன் சஸ்பென்ஷன், டிஸ்க் பிறேக் இரண்டுமே வேண்டாம். சஸ்பென்ஷன் செய்கிற வேலையை 50 மில்லிமீற்றர் ரயர் செய்துவிடும். டிஸ்க் தகடு மடித்த நிலையில் எதனோடாவது அழுந்தினால் நெளியும், பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் உரசும். ரிம்மை இரு பக்கமும் பிடிக்கும் வி-பிறேக்கின் கட்டை எங்கும் கிடைக்கும். மணலில் ஓடிய பிறகு கட்டையைப் பார்த்து, பதிந்திருக்கும் கல்லை ஊசியால் கிண்டி எடுத்தால் ரிம் தேயாது.

இனி மூட்டு. மடிப்புச் சைக்கிளின் உயிர் அங்கேதான் இருக்கிறது, கவனக்குறைவும் அங்கேதான் நடக்கிறது. சட்டத்தின் நடுவில் ஒரு மூட்டு, ஹாண்டில் தண்டின் அடியில் ஒரு மூட்டு. பூட்டும் நெம்பு பாதி வழி வரும்வரை இலேசாக வந்து, அதன்பின் உள்ளங்கையால் அழுத்தினால்தான் மூடவேண்டும். ஒரு விரலால் மூடினால் தளர்ச்சி. இரண்டு கையும் உடல் பாரமும் வேண்டியிருந்தால் இறுக்கம் கூடிவிட்டது. அப்படியே விட்டால் மூட்டின் வெட்டு மூலையில் மயிரிழை வெடிப்பு தொடங்கும். சரிசெய்யும் நட்டை ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள்.

முன்பிறேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று சத்தம் வந்தால், ஹாண்டில் மூட்டின் பிளவில் ஒரு விரலை வையுங்கள். விரலில் அசைவு தெரிந்தால் மூட்டு. தெரியாவிட்டால் கழுத்து போல்ஸ் தளர்ந்திருக்கிறது. மூட்டின் அச்சுக்கு ஒரு துளி மெல்லிய எண்ணெய் போதும். ஒன்றையொன்று தொடும் முகங்களில் எண்ணெய் படக்கூடாது. செம்புழுதி அதில் ஒட்டி அரைத்தெடுக்கும். மாதம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் மணலைத் தட்டிவிடுங்கள்.

சீற் தண்டும் அப்படித்தான். கிறீஸ் பூசினால் உழக்க உழக்க இறங்கும். உலர்ந்த துணியால் துடைத்து வைத்தாலே நன்றாகப் பிடிக்கும். உயரத்துக்கு ஒரு கோடு கீறிவைத்தால் ஒவ்வொரு முறையும் தேடவேண்டியதில்லை. உள்கால் நீளம் 84 சென்ரிமீற்றரைத் தாண்டியவருக்கு பிரொம்ப்டனின் சாதாரணத் தண்டு காணாது, வாங்கும்போதே நீளமானதைக் கேளுங்கள். ஹாண்டில் தண்டு நீட்டிச் சுருக்கும் வகையா, நிலையானதா என்றால், வீட்டில் நாலுபேர் ஓடும் வண்டிக்கு நீட்டுவது, ஒருவர் மட்டும் ஓடினால் நிலையானது. கூடுதலாக ஒரு இணைப்பு இருந்தால் கூடுதலாக ஒரு ஆட்டம் வரும்.

சட்டம் தாழ்ந்திருப்பதால் சீலை, சாறம் கட்டியவர்கள் ஏறி இறங்க இந்த வண்டி மிக வசதி. ஆனால் முன் பல்லுச் சில்லின் இரு பக்கமும் காப்புத் தகடு இருக்கவேண்டும், பின்சில்லின் மேல்பாதியை வலையால் மூடவேண்டும். டபிள் ஏற்றுவதற்கு இது சரிவராது. பிரொம்ப்டனின் எல்லை ஆளும் சாமானும் சேர்த்து 110 கிலோ. இரண்டு பேர் ஏறினால் அதைத் தாண்டிவிடும், தாங்குவது அந்த ஒற்றை மூட்டு.

சாமானுக்கு முன்பக்கம்தான் நல்ல இடம். கழுத்துக் குழாயில் பூட்டும் கட்டையில் பை கொளுவினால் பாரம் சட்டத்தில் நிற்கும், ஹாண்டில் திருப்பும்போது பை திரும்பாது. 10 கிலோ வரை ஏற்றலாம்: மடிக்கணினி, சோற்றுப் பெட்டி, திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய மரக்கறி. பின்கரியர் குட்டை என்பதால் பக்கப்பை தொங்கவிட்டால் குதிக்கால் இடிக்கும். பையை எவ்வளவு பின்தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். 12.5 கிலோ காஸ் சிலிண்டரை அதில் கட்டவேண்டாம். இரும்பின் பாரமும் சேர்ந்தால் இரட்டிப்புக்குக் கிட்ட வரும்.

மட்காட் ஐப்பசியில் தேடும் சாமான் அல்ல, வாங்கும் அன்றே பூட்டவேண்டியது. 47 மில்லிமீற்றர் ரயருக்கு 55 முதல் 60 அகல மட்காட், நடுவில் 10 மில்லிமீற்றராவது இடைவெளி. உரும்பிராய், கோப்பாய்ப் பக்கச் செம்பாட்டு மண் மழையில் களியாகிச் சில்லோடு ஏறும். இடைவெளி குறைந்தால் அடைத்துக்கொண்டு சில்லு நின்றுவிடும். முன் மட்காட்டின் நுனியில் ரப்பர் நாக்கு இருந்தால் செயின் கூடுதல் நாள் பிழைக்கும்.

விளக்கை ஹாண்டிலில் பூட்டினால் முன்பக்கப் பை அதை மறைக்கும், மடிக்கும்போதும் இடிக்கும். முன்பிறேக் ஆணியிலோ பைக்கட்டையிலோ பூட்டுங்கள். தாழ்வாக இருப்பதால் குழியின் நிழலும் நன்றாகத் தெரியும். இரவில் கட்டாக்காலி மாடு வீதியில் படுத்திருக்கும் ஊரில் இது பெரிய உதவி. சிவப்பு விளக்கு சீற் தண்டில் வேண்டாம், கரியரின் பின்நுனியில் இருக்கட்டும். கண்ணாடி வலப்பக்கம், மடங்கும் வகை.

மடிப்புப் பெடலின் பிளாஸ்ரிக் உடல் சீக்கிரம் தளரும். பஸ் பயணம் எப்போதாவதுதான் என்றால் சாதாரண இரும்புப் பெடலைப் போடுங்கள். இடப்பெடலின் புரி எதிர்ப்புறம் என்பதை மறந்து முறுக்கினால் கிராங்கின் புரி அழியும்.

செயினுக்குத் தையல் மெசின் எண்ணெய் நல்லது. பூசி, பத்து நிமிடம் விட்டு, வெளியில் உள்ளதை முழுக்கத் துடைக்கவேண்டும். பழைய எஞ்சின் ஒயில் மணலைச் சேர்க்கும், தேங்காய் எண்ணெய் பிசினாகும். செயினை அளக்க அடிமட்டம் போதும். புதிய செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். 12 அங்குலத்துக்குமேல் ஒரு அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பல்லுச் சில்லையும் தின்றுவிடும்.

ரயிலிலும் பஸ்ஸிலும் ஏற்ற மெல்லிய துணி உறை போதும், அடுத்தவர் உடுப்பில் செயின் அழுக்குப் படாது. தடித்த மெத்தைப் பை இறங்கிய பிறகு சுமையாகிவிடும். குறிகாட்டுவானில் நயினாதீவு, நெடுந்தீவுப் படகில் ஏற்றும்போது மடிப்பைப் பிடித்திருக்கும் காந்தத்தை நம்பாதீர்கள். படகுக்காரர் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினால் வண்டி நடுவில் விரிந்து கையை நசுக்கும். ரப்பர் பட்டியால் இரு சில்லையும் சேர்த்துச் சுற்றிக் கட்டி, நடுக்குழாயைக் காட்டிக் கொடுங்கள். அலை தெறித்த வண்டியை அன்றே கழுவவேண்டும், தீவின் சவர்க்கிணற்றுத் தண்ணீரில் அல்ல, வீடு வந்து நல்ல தண்ணீரில். பிறகு மூட்டைத் திறந்துவைத்து நிழலில் காயவிடுங்கள்.