உவமையா, உருவகமா?

இரண்டும் ஒப்புமையில் பிறந்தவைதான். ஆனால் உவமை இரண்டு பொருள்களையும் தனித்தனியாக நிற்க விடுகிறது; உருவகம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

'மலர் போன்ற விழி' என்றால் உவமை. போல, அன்ன, நிகர் போன்ற உவம உருபு இருந்தால் சிக்கலே இல்லை. உருபு மறைந்து 'மலர்விழி' என்று வரும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். அதுவும் உவமையே, உவமைத்தொகை. அதையே திருப்பி 'விழிமலர்' என்று போட்டால் உருவகம். விரித்துப் பாருங்கள்: 'போன்ற' பொருந்தினால் உவமை, 'ஆகிய' பொருந்தினால் உருவகம். தேர்வுக்கு இந்தச் சோதனை போதும்.

எழுதுகிறவருக்கு எது உதவும்? தெரியாத ஒன்றை விளக்க வேண்டுமென்றால் உவமைதான். தொல்காப்பியம் வினை, பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என நான்கு வகையாக அதைப் பிரிக்கிறது. புலி போலப் பாய்ந்தான் என்றால் ஒப்புமை பாய்ச்சலில் மட்டும். அவனுக்கு வால் முளைக்காது.

உருவகத்தில் அந்த வரம்பு தளர்கிறது. 'பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்' என்ற குறளில் பிறவி கடலானதும் அதைக் கடப்பது நீந்துவதாகிவிடுகிறது. இறைவன் அடியைத் தெப்பம் என்று வள்ளுவர் சொல்லவில்லை, நாமே ஊகித்துக்கொள்கிறோம். இப்படிப் பாதியை மட்டும் உருவகம் செய்வதற்கு ஏகதேச உருவகம் என்று பெயர். எனக்கு முழு உருவகத்தைவிட இதுதான் பிடிக்கும். வாசகருக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறதே!

சரி, உருவகமே எப்போதும் உயர்ந்ததா? இல்லை. பத்திக்கு நான்கு உருவகம் வந்தால் படிப்பவருக்கு மூச்சு முட்டும். அந்த இடத்தில் ஒரு 'போல' போட்டால் தெளிவாகிவிடும்.