லத்தீன்–ஆங்கிலப் பூசைப் புத்தகம்: மூன்று மாத அனுபவம்

கத்தோலிக்கக் கோவில்களில் பூசை (திருப்பலி) லத்தீனில் நடந்த காலத்து, 1962-ஆம் ஆண்டு முறைப்படியான பழைய பூசைப் புத்தகம் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். இடப்பக்கம் லத்தீன், வலப்பக்கம் ஆங்கிலம், குருவானவர் செய்ய வேண்டியவை சிவப்பு மையில். படிக்க அருமை. ஆனால் தாள் ரொம்ப மெல்லிசு, இரண்டாவது வாரமே முதுகுத் தையல் விட்டுவிட்டது, விற்ற கடைக்கு எழுதினேன், பதிலே இல்லை.

சரி, உள்ளே இருப்பதுதான் முக்கியம். அந்தக் காலத்தில் பீடத்தில் லத்தீன் ஓடிக்கொண்டிருக்க, தான் தரையில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்ததாக என் பாட்டி சொல்வார். இந்தப் புத்தகம் கிடைத்திருந்தாலும் அவருக்கு உதவியிருக்காது, இதில் தமிழ் ஒரு வரிகூட இல்லை. ‘தோமினுஸ் வோபிஸ்கும்’ மேல் விரலை வைத்துப் படிக்கிறேன், ஆனால் அதுவே தமிழில் ‘ஆண்டவர் உங்களோடு இருப்பாராக’ என்று காதில் விழும்போதுதான் எனக்கு நெஞ்சு அசைகிறது. அதற்காக லத்தீனே வேண்டாம் என்பவர்களோடு நான் சேரமாட்டேன். உலகெங்குமுள்ள ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் தந்த திருவழிபாட்டு ஏடு தாய்மொழிக்கு வழிவிட்டது உண்மை. மக்கள் தங்களுக்குரிய பகுதிகளை லத்தீனிலும் சொல்லவோ பாடவோ தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டதும் அதே ஏடுதான். அந்தப் பாதியை நம் பங்குக் கோவில்களில் யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

2021-இல் போப் பிரான்சிஸ் கொண்டுவந்த கட்டுப்பாட்டுக்குப் பின் பழைய முறைப் பூசைக்கு ஆயரின் அனுமதி வேண்டும், அதனால் இந்தப் புத்தகம் பெரும்பாலும் வீட்டில் படிக்கத்தான் பயன்படும். பாடகர் குழுவில் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், தையலை மட்டும் வந்தவுடனே பார்த்துவிடுங்கள்.