சக்கர நாற்காலியும் வலிப்பும்: உதவி எங்கே வேறுபடுகிறது?

சக்கர நாற்காலி கண்ணுக்குத் தெரியும். தேவையும் பெரும்பாலும் கட்டடத்தில்தான்: 1 அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளச் சாய்தளம், 90 செ.மீ. அகலக் கதவு. கேட்காமல் நாற்காலியைத் தள்ளாதீர்கள். திடீரென அசைந்தால் அவர் நிலைதடுமாறி விழலாம்.

வலிப்பு நோய், வலிப்பு வரும்வரை வெளியே தெரியாது. தவறுகள் இங்கேதான் அதிகம். கையில் சாவியையோ இரும்பையோ திணித்தால் வலிப்பு நிற்காது, காயம்தான் மிஞ்சும். வாயில் கரண்டி வைத்தால் பல் உடையும். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, கழுத்துப் பட்டனைத் தளர்த்தி, நேரம் பாருங்கள். துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் 108ஐ அழையுங்கள். முழு நினைவு திரும்பும்வரை தண்ணீர்கூட வேண்டாம். வேலையிடத்தில் வலிப்பு நோய் உள்ளவருக்கு உதவுவது சாய்தளம் அல்ல, இரவு ஷிஃப்டிலிருந்து விலக்கு. தூக்கம் கெட்டால் பலருக்கு வலிப்பு வரும்.