அம்மா படித்துச் சொன்ன ஓடிபி

மேட்டுப்பாளையத்தில் ஏறி, குன்னூர், ஊட்டி பார்த்துவிட்டு, கோத்தகிரி வழியாக இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது. காரமடைப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சுற்றைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் எலுமிச்சம்பழம், பர்லியாறில் மங்குஸ்தான், கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணும் பிள்ளைகள். எட்டு வருடம் கழித்து, போன ஜூலையில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்து மனைவியையும் பத்து வயது மகளையும் அப்படிக் கூட்டிப் போனேன். அம்மா முழங்கால் வலியால் வரவில்லை.

இப்போது மலை ஏற இ-பாஸ் வேண்டும், வண்டிக்கு இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7-ல் தொடங்கியது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். இதை நான் மனதார ஆதரிக்கிறேன். அந்தக் குறுகிய சாலை எவ்வளவு தாங்கும் என்று சின்ன வயதிலிருந்து பார்த்தவன். அதனால் இரண்டு நாள் முன்பே, அம்மாவின் போன் எண்ணைக் கொடுத்துப் பாஸ் எடுத்து வைத்திருந்தேன். என் பழைய இந்திய சிம் ரீசார்ஜ் செய்யாமல் எப்போதோ செத்துப்போய்விட்டது.

காலை ஐந்தரைக்கு வாசலில் வந்து நின்றது வேறு கார்.

"அந்த வண்டிக்கு க்ளட்ச் போயிருச்சுங்க சார், ராத்திரி ரெண்டு மணிக்கு என்னை எழுப்பி விட்டாங்க" என்றார் ஓட்டுநர். அவசரத்தில் போனைக்கூட வீட்டிலேயே சார்ஜில் விட்டுவிட்டு வந்திருந்தார், பாவம். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. முன்பணம் முழுவதையும் வாங்கிக்கொண்ட அந்த வாடகைக் கார் நிறுவனத்தின் மேல்தான் கோபம். பாஸ் வண்டி எண்ணுக்குத்தான் செல்லும் என்பது தினமும் மலைக்கு வண்டி அனுப்புகிறவர்களுக்குத் தெரியாதா? எண் மாறிவிட்டது என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே புதுப் பாஸ் எடுத்திருப்பேன்.

அடிவாரச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். "நெம்பர் வேறயா இருக்குதுங்களே சார்." பின்னால் வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. நீலகிரிப் பதிவான டி.என். 43 வண்டிகளுக்குப் பாஸ் தேவையில்லை என்பதால் அவை எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. என் சுவிஸ் போனுக்கு அங்கே சிக்னலே கிடைக்கவில்லை. மேசை போட்டு உட்கார்ந்திருந்த தம்பி ஒருவர் தன் போனிலேயே விண்ணப்பத்தைத் திறந்து நீட்டினார். இந்தியாவுக்குள்ளிருந்து வருகிறீர்களா, வெளியிலிருந்தா? வெளியே என்றால் மின்னஞ்சல், உள்ளே என்றால் இந்தியப் போன் எண். பத்து கிலோமீட்டர் தள்ளிப் பிறந்தவன், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவன், அந்தக் கேள்வி முன்னால் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். "உள்ளே" என்று அழுத்தினேன். வேறெதுவும் அழுத்த மனம் வரவில்லை.

மறுபடியும் அம்மாவின் எண்தான். ஓடிபி, அதாவது ஒரு முறை மட்டும் செல்லும் ரகசிய எண், அவர் போனுக்குத்தான் வரும். அந்தத் தம்பியின் போனிலிருந்தே அம்மாவைக் கூப்பிட்டேன். முதலில் வாசித்தது கேஸ் சிலிண்டர் புக்கிங் எண். அடுத்ததை அவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மூன்றாவது தடவை, "ஒவ்வொண்ணா சொல்றேன், எழுதிக்கோ கண்ணு" என்று ஆரம்பித்தார். "ஏழு... ரெண்டு... சைபர்..." ஸ்பீக்கரில் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்து பார்த்தார். "சைபர்னா என்னங்க சார்?" நான் பூஜ்ஜியம் என்று சொல்லி, அவர் அடித்து முடிக்க, பச்சை நிறத்தில் பாஸ் வந்தது. மொத்தம் நாற்பது நிமிடம். அந்தத் தம்பி ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை, பணம் என்ற பேச்சே எடுக்கவில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் காலத்துச் சாவடி அப்படி இருந்ததில்லை.

சுவிட்சர்லாந்தில் நெடுஞ்சாலைக்கு வருடத்துக்கு 40 பிராங்க். இணையத்தில் வண்டி எண்ணை அடித்துப் பணம் கட்டினால் முடிந்தது, யாருடைய போனும் அடிக்க வேண்டாம். அதே மாதிரி இங்கேயும் வண்டி எண்ணோடு விட்டுவிடலாமே என்று மலை ஏறும் வழியெல்லாம் மனைவியிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆனால் அங்கே என் அம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டு பொறுமையாகக் காத்திருக்க ஒரு ஆளும் இருக்கமாட்டார். அதையும் சொன்னேன்.

பர்லியாறில் நிறுத்த நேரமில்லை. மகள் வளைவுகளை எண்ணினாள், பதினான்கு. குன்னூர் ஸ்டேஷனில் மட்டும் இறங்கியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் வந்தது 1899-ல், ஊட்டிக்கு 1908-ல். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் சட்டத்தைக் கவ்விக்கொண்டுதான் ரயில் ஏறும். அந்தப் பழைய நீராவி எஞ்சின்கள் செய்யப்பட்ட ஊர் வின்டர்தூர். நாங்கள் குடியிருக்கும் ஊர், மகள் பிறந்த ஊர். சின்ன வயதில் எத்தனை தடவை அந்த எஞ்சினைத் தொட்டுப் பார்த்திருப்பேன், அதன் ஊர்ப் பெயர் எனக்குத் தெரியாது. தகட்டில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்த மகள், "அப்பா, இது நம்ம ஊரு!" என்று கத்தினாள். புகையும் எண்ணெயுமாக அதே வாசனை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஊட்டி வழக்கம்போல. திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனை மரத்தால் உத்தரம் போட்ட செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம், வர்க்கி வாங்கினோம். கோத்தகிரிக்கு வந்தபோது மசமசவென்று ஆகிவிட்டது. கோவைக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் கன்னேரிமுக்கில் கட்டிய பங்களா இப்போது அருங்காட்சியகம். பூட்டிவிட்டிருந்தார்கள். அப்பா இருந்தபோது தவறாமல் அழைத்துப் போகும் இடம் அது, மகளுக்கு வெளியிலிருந்துதான் காட்ட முடிந்தது. காலையில் போன அந்த நாற்பது நிமிடம் அங்கேதான் உறைத்தது.

வீடு சேர ஒன்பது மணி. அம்மா தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மடியில் போன், கையில் கண்ணாடி.

"இறங்குறதுக்கு நெம்பர் கேக்கலையா கண்ணு? காலையில இருந்து சார்ஜ் போட்டு வெச்சுக்கிட்டே இருக்கேன்."