எடை குறைந்த ஹெட்செட்டும் எடுபடாத குரலும்

நாள் முழுக்கப் பேசுகிற வேலையில் இருப்பவர்களுக்கு ஹெட்செட்டின் எடை சின்ன விஷயமல்ல. காதை முழுதாக மூடும் பெரிய வகையை மாட்டிக்கொண்டால் மதியத்துக்குள் உச்சந்தலை வலிக்கும், காது மடல் வியர்த்துக் கசகசக்கும். அதனால்தான் 100 கிராமுக்கும் குறைவான, மெல்லிய தலைப்பட்டையும் பஞ்சு உறையும் கொண்ட ஒரு வயர் ஹெட்செட்டை வாங்கினேன். மாட்டியிருப்பதே மறந்துபோகிற அளவுக்கு இதமானது. பேசுபவர்களின் குரலும் தெளிவாகக் கேட்கிறது. குறையெல்லாம் மைக்கில்தான். எதிர்முனையில் இருப்பவர்கள் "சற்று உரக்கப் பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

இதற்கு எல்லோரும் சொல்லும் முதல் வைத்தியம், மைக்கில் வரும் ஒலியைக் கணினியில் பெருக்கும் 'மைக் பூஸ்ட்' அமைப்பை ஏற்றுவது. நான் அதைக் கடைசியில் வைப்பேன். பூஸ்ட் உங்கள் குரலை மட்டும் பொறுக்கியெடுத்துத் தூக்குவதில்லை. மின்விசிறி, கீபோர்டு, பக்கத்து அறைப் பேச்சு என எல்லாவற்றையும் அதே அளவு தூக்கும். குரல் மைக்குக்குள் நுழையும்போதே வலுவாக நுழைய வேண்டும்.

முதலில் அளந்து பாருங்கள். அழைப்பில் பேசிச் சோதிக்க வேண்டாம். அழைப்புச் செயலிகள் மைக் அளவைத் தாமாகவே ஏற்றி இறக்கும் என்பதால் எது உண்மை என்று பிடிபடாது. அலை வடிவம் காட்டும் எளிய ஒலிப்பதிவுச் செயலி ஒன்றில் இயல்பான குரலில் ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய்யுங்கள். பதிவில் 0 டெசிபல்தான் மேல் வரம்பு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒலி குறைவு. உச்ச அளவு மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் இருந்தால் நல்லது. எனக்கு அது மைனஸ் 30ஐ ஒட்டியே கிடந்தது. எதை மாற்றினாலும் அதே பத்தியை மறுபடி வாசித்து ஒப்பிட்டால் எந்த மாற்றம் பலன் தந்தது என்று ஐயமின்றித் தெரிந்துவிடும்.

பதிவில் தெரிவது இந்த மைக்கின் ஒலிதானா என்பதையும் அப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள். மைக்கின் மேல் நகத்தால் மெதுவாகச் சுரண்டினால் அளவுகாட்டி துள்ள வேண்டும். துள்ளவில்லை என்றால், உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பது வேறொரு மைக், பெரும்பாலும் மடிக்கணினியின் உள்மைக்.

அடுத்தது தூரம். எடையைக் குறைப்பதற்காக இவ்வகை ஹெட்செட்களில் மைக் தண்டையும் குட்டையாக்கிவிடுகிறார்கள்; பலவற்றில் அது கன்னத்தோடு நின்றுவிடுகிறது. 10 செ.மீ. தள்ளியிருந்த மைக்கை 5 செ.மீ.க்குக் கொண்டுவந்தாலே குரல் ஏறத்தாழ 6 டெசிபல் உயரும், 2.5 செ.மீ. என்றால் 12. அறையின் இரைச்சலோ இருந்த இடத்திலேயே இருக்கும். எந்த பூஸ்டாலும் தர முடியாத லாபம் இது. ஆனால் வாய்க்கு நேர் முன்னே வைக்காதீர்கள். 'ப' போன்ற ஒலிகளில் மூச்சுக்காற்று மோதி வெடிக்கும். உதட்டோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, சற்றுக் கீழே என்பதே எனக்குச் சரியாக அமைந்தது. என் ஹெட்செட்டில் தண்டின் கணு கொஞ்சம் தளர்வு. ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் தண்டு மேலே ஏறிவிடும். மாட்டியதும் கையால் தடவிச் சரிசெய்வது இப்போது பழகிவிட்டது.

திசையையும் கவனியுங்கள். பல மைக்குகளில் ஒலி நுழையும் துளை ஒரு பக்கம்தான் இருக்கும். தண்டு முறுக்கிக்கொண்டு அந்தத் துளை வெளியே பார்த்தால், மைக் உங்களை விட்டுவிட்டு அறையைக் கேட்கும். பஞ்சு உறையை உருவிப் பார்த்தபோது என் மைக்கில் குண்டூசித் தலை அளவே இருந்த துளையின் மேல் தூசியும் எச்சில் ஈரமும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஓர் ஏடு படிந்திருந்தது. காய்ந்த மென்மையான பிரஷ்ஷால், துளையைக் கீழ்நோக்கிப் பிடித்துத் தட்டி எடுத்தேன். ஊசியால் குத்தவே கூடாது. உள்ளே இருப்பது மிக மெல்லிய சவ்வு. வாயால் ஊதுவதும் ஈரத்தைத்தான் உள்ளே தள்ளும். உறையைக் கழுவினால் நன்றாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள்.

இந்தச் சின்ன மைக்குகளில் பெரும்பாலானவை எலெக்ட்ரெட் வகை. 1962இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் உருவாக்கிய நுட்பம் அது. சவ்வுப் பகுதியில் மின்னூட்டம் நிலையாகத் தங்கிவிடுகிறது; ஆனால் உள்ளிருக்கும் குட்டி டிரான்சிஸ்டருக்கு ஜாக் வழியே சில வோல்ட் மின்னழுத்தம் வந்தாக வேண்டும். ஜாக்கில் அழுக்கு சேர்ந்தாலோ பின் முழுதாகப் பதியாவிட்டாலோ அந்த மின்சாரம் தடுமாறும், குரலும் மங்கும். நான்கு பிரிவுள்ள 3.5 மி.மீ. பின்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிடிஐஏ, ஓஎம்டிபி என இரண்டு இணைப்பு முறைகளில் மைக்கும் தரைக்கம்பியும் இடம் மாறியிருக்கும். வயரில் உள்ள அழைப்புப் பொத்தானை அழுத்திப் பிடிக்கும்போது மட்டும் காதில் பாட்டு சரியாகக் கேட்டால், இந்தப் பொருத்தமின்மையைச் சந்தேகிக்கலாம். மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஜாக் உள்ள கணினியில் இத்தகைய பின்னை நேரடியாகச் செருகினால் வேலைக்காகாது. பிரிப்பான் வயர் வேண்டும்.

எனக்கு மீதிக் குறையைத் தீர்த்தது, கட்டைவிரல் அளவிலான யுஎஸ்பி ஒலி அடாப்டர். கணினியின் முன்பக்க ஜாக்கில் இருந்த 'ஸ்ஸ்' இரைச்சல் அதில் இல்லை, குரலும் ஒரு படி உயர்ந்தது. புது ஹெட்செட் வாங்க நினைப்பவர்கள் அதற்கு முன் இதை ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகு மென்பொருள் பக்கம் வாருங்கள். விண்டோஸில் பழைய ஒலிப் பலகையின் பதிவுப் பிரிவில் மைக்கின் பண்புகளைத் திறந்தால், அளவுகள் என்ற பக்கத்தில் பூஸ்ட் இருக்கும். பொதுவாக 10, 20, 30 டெசிபல் என்று ஏறும். ஜாக்கில் நேரடியாகச் செருகியிருந்த காலத்தில், தூரத்தைச் சரிசெய்ததும் எனக்கு 10 போதுமானதாக இருந்தது. 30இல் வைத்தபோது கணினியின் விசிறி என்னைவிட நன்றாகக் கேட்டது. யுஎஸ்பி வழியே இணைத்தால் இந்தப் பூஸ்ட் பெரும்பாலும் தென்படாது; பதற வேண்டாம், அது ஜாக்கை இயக்கும் டிரைவர் மென்பொருள் தரும் வசதி. லினக்ஸின் ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலிகள் சிலவற்றில் உள்ளீட்டை 100 சதவீதத்துக்கு மேலும் ஏற்ற முடியும். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் மைக் அளவு தானாகக் குறைந்துபோனால், அழைப்புச் செயலியில் மைக் அளவைத் தானாகச் சரிசெய்யும் தேர்வை நீக்கிவிடுங்கள்.

ப்ளூடூத் வகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வழக்கமான அழைப்பு முறையில் குரல் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில்தான் (அதாவது நொடிக்கு 8,000 அல்லது 16,000 முறை ஒலியை அளந்து) போகிறது. 8 என்றால் குரல் தொலைபேசியில் போல மெலிந்து கேட்கும். அதைச் சத்தக் குறைவு என்று எண்ணி அளவை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை.

இப்போது அதே பத்தி மைனஸ் 10ஐ ஒட்டிப் பதிவாகிறது. அழைப்புகளுக்கும் வகுப்புகளுக்கும் இந்த ஹெட்செட்டைத் தயங்காமல் சொல்வேன். பாட்டு, கதை வாசிப்பு என்று பதிவு செய்து வெளியிடுபவர்களுக்குச் சொல்ல மாட்டேன். இந்த மைக்கில் குரலின் அடிநாதம் வருவதில்லை. தளர்ந்த கணுவுக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. அடுத்து வாங்கும்போது எடையைப் பார்ப்பதற்கு முன் தண்டை வளைத்து, விட்ட இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பேன்.